கேஆர்பி (கிருஷ்ணகிரி) டேம், பாரூர் ஏரி மாதிரி தண்ணியில தூண்டில் போட ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஆன்லைன்ல ராடு ரீல் செட் ஒண்ணு வாங்கிட்டு நேரா தண்ணிக்குப் போய், கைக்கு எவ்வளவு பலம் இருக்கோ அவ்வளவு தூரம் வீசிட்டு, சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டு வெறும் கையோட திரும்புற தம்பிங்கள இப்ப நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் நிறைய பாக்கறேன். அடுத்த வாரம் இன்னும் விலை அதிகமான ரீல் வாங்கிட்டு வர்றாங்க, மறுபடியும் அதே கதை. மீன் ராடைப் பாத்து வர்றதில்ல. தண்ணி எங்க எவ்வளவு ஆழம், அடியில சேறா கல்லா, அன்னிக்கு காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சு போட்டா மூங்கில் குச்சியிலயும் மீன் மாட்டும். அதனால இதுல தண்ணியைப் பத்திதான் அதிகமா எழுதறேன், சாமான் பத்தி கம்மியா.

முதல்ல அனுமதி. நம்ம ஊர் ஏரிங்கள்ல பாதிக்கு மேல மீன் பிடிக்கிற உரிமை ஏலத்துல போயிருக்கும், குத்தகை எடுத்தவர் காசு போட்டு குஞ்சு விட்டிருப்பாரு, தீனி போட்டிருப்பாரு. அவர்கிட்ட கேக்காம தூண்டில் போடுறது திருட்டுதான், அதுல வேற பேச்சே இல்ல. போய் "அண்ணா, தூண்டில்ல ஒரு ரெண்டு மணி நேரம் உக்காந்துக்கட்டுமா, வலை இருக்கிற பக்கம் வர மாட்டேன்"னு மரியாதையா கேட்டா நிறைய பேரு சரின்னுதான் சொல்லுவாங்க, சில பேரு ஒரு தொகை கேப்பாங்க, குடுத்துடுங்க. டேம்ல பரிசல்ல வலை போடுறவங்களுக்கு அதுதான் பொழப்பு, நமக்கு அது பொழுதுபோக்கு, இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க, வலை மிதப்பு கண்ணுல பட்டா அந்த இடத்தை விட்டு தள்ளிப் போங்க. அணைக்கட்டு மேல நின்னோ ஷட்டர் கிட்டயோ போடவே கூடாது. ஷட்டருக்குக் கீழ ஆத்துல இறங்கறது அதை விட மோசம். கேஆர்பி டேம்ல 2017 நவம்பர்ல ஒரு ஷட்டர் உடைஞ்சு தண்ணி போனது இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

சரி, என்ன மீன் பிடிக்கப் போறீங்க? இதை முடிவு பண்ணாம தண்ணிக்குப் போகாதீங்க. நம்ம டேம் ஏரிங்கள்ல பொதுவா இருக்கிறது கட்லா, ரோகு, மிர்கால், காமன் கார்ப், ஜிலேபி, அப்புறம் விரால், கெளுத்தி, வாளை. மார்க்கெட்ல மீன் வாங்கும்போது வாயைப் பாருங்க, அதுலயே பாதி விஷயம் தெரிஞ்சிடும். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கி இருக்கும், அது தண்ணியோட மேல் பகுதியில மேயுற மீன். ரோகு நடுவுல. மிர்காலும் காமன் கார்ப்பும் அடியில சேத்தை நோண்டித் தின்னும், காமன் கார்ப்புக்கு வாய் ஓரத்துல சின்ன மீசை இருக்கிறது அதுக்குத்தான், சேத்துக்குள்ள தடவிப் பாத்து எடுக்கும். அப்ப கட்லா வேணும்னு அடியில ஈயம் போட்டு உக்காந்திருந்தா எப்படி வரும்? தக்கை (மிதப்பு) கட்டி இரையைத் தண்ணியோட மேல் பாதியிலயே தொங்க விடணும். மொத தடவை போறவங்க ஜிலேபியில ஆரம்பிங்க, அது எங்கயும் இருக்கும், கரை ஓரமே வரும், நாள் முழுக்க கடிக்கும், கை பழகும்.

இப்ப முக்கியமான வேலை, இதை பெரும்பாலும் யாரும் செய்யறதில்ல. சித்திரை வைகாசியில ஏரி வத்துறப்ப போய் ஏரிக்குள்ள நடங்க. நிஜமாவே நடங்க, போன் எடுத்துக்கிட்டு. மதகுக்கு முன்னாடி எவ்வளவு பள்ளம், வரத்து கால்வாய் ஏரிக்குள்ள எந்த வழியா வந்து எங்க முடியுது, கருவேல மரம் எங்கெங்க நிக்குது, பாறை எங்க, விவசாயிங்க வண்டல் மண் அள்ளின குழி எங்க, எல்லாம் அப்ப கண்ணுக்கு நேரா தெரியும். அந்த வண்டல் குழிங்க தான் பின்னாடி மீன் தங்கற இடம், சுத்தி நாலடி தண்ணி இருக்கறப்ப அங்க மட்டும் எட்டடி ஒன்பதடி இருக்கும், வெயில் ஏற ஏற பெரிய மீன் அங்க தான் இறங்கும். ஒவ்வொரு இடத்துலயும் நின்னு லொகேஷன் பின் போட்டு பேர் வச்சு சேவ் பண்ணிக்கங்க, கூடவே கரையில இருந்து அந்த இடத்துக்கு நேரா எந்தப் பனைமரம், எந்தக் கோயில் தெரியுதுன்னு ஒரு போட்டோ. ஐப்பசியில ஏரி நிரம்பி கோடி போறப்ப மேல எல்லாம் ஒரே மாதிரி தண்ணியா தெரியும், ஆனா உங்களுக்கு மட்டும் கீழ என்ன இருக்குன்னு தெரியும். டேம்ல முழுசா வத்தாது, ஆனாலும் கேஆர்பி டேமோட முழு கொள்ளளவு உயரம் 52 அடி, வெயில் காலத்துல மட்டம் இறங்கறப்ப ஓரத்துல பழைய வாய்க்கா, மேடு, கல் வரிசைன்னு நிறைய வெளிய வரும், பாத்து வச்சுக்கங்க. தினமும் நியூஸ்ல டேம் மட்டம் எத்தனை அடின்னு வரும், மேடு தெரிஞ்ச அன்னிக்கு மட்டம் என்னன்னு எழுதி வச்சுட்டா பின்னாடி கணக்குப் போட்டுக்கலாம், மட்டம் பத்தடி ஏறியிருந்தா அந்த மேடு இப்ப பத்தடிக்குக் கீழ.

வத்தின ஏரியைப் பாக்காதவங்க தக்கையை வச்சே ஆழம் பாக்கலாம். தக்கையை நரம்புல (தூண்டில் நூல்ல) மேல கீழ நகர்ற மாதிரி மாட்டுங்க. முள்ளுல (தூண்டில் கொக்கியில) தக்கையையே அமுக்கற அளவுக்கு கனமான ஒரு ஈயத்தை மாட்டி, போட நினைக்கிற இடத்துல போடுங்க. தக்கை முழுசா உள்ள போய்ட்டா ஆழம் இன்னும் அதிகம், தக்கையை மேல நகர்த்துங்க. தக்கை படுத்துக்கிட்டு மிதந்தா நரம்பு நீளம் அதிகம், கீழ இறக்குங்க. நுனி மட்டும் லேசா தண்ணிக்கு மேல தெரியற அளவு வந்துச்சுன்னா முள்ளுக்கும் தக்கைக்கும் நடுவுல இருக்கிற நீளம் தான் ஆழம். அதை ராடு மேல வச்சு பாத்து ராடுல ஒரு டேப் ஒட்டிக்கங்க. இப்படி இடது பக்கம் நாலு இடம் வலது பக்கம் நாலு இடம் பாத்தீங்கன்னா சரிவு எங்க ஆரம்பிக்குதுன்னு பிடிபடும். அந்தச் சரிவோட அடிவாரத்துலதான் போடணும். தீனி உருண்டு வந்து அங்க தான் சேரும், மீனும் அந்த ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் வரும் போகும். அரை மணி நேரம் இதுக்கே போகும், போகட்டும், அந்த அரை மணி நேரம் தான் மிச்ச நாளைக் காப்பாத்தும்.

காத்து பத்தி. ஆடி மாசம் நம்ம பக்கம் மேல்காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். காத்து மேல்தண்ணியைக் கிழக்குக் கரை பக்கம் தள்ளிட்டே இருக்கும், கூடவே பூச்சி, பாசி, மிதக்கிற தீனி எல்லாம் அங்க போய் சேரும், மீன் அது பின்னாடியே போகும். ஆனா எல்லாரும் காத்து முதுகுல படுற மேற்குக் கரையில உக்காருவாங்க, ஏன்னா வீசறதுக்கு சுலபம், தூரம் போகும். மூஞ்சியில காத்து அடிச்சாலும் பரவால்ல, அலை வந்து மோதற கரையில உக்காருங்க, அங்க பத்து பதினஞ்சு அடி தூரம் வீசினாலே போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை விடியக்காலையில போனாதான் மீன்னு எல்லாரும் சொல்லுவாங்க, டேம் மாதிரி பெரிய தண்ணிக்கு சரி. ஆனா பச்சைப் பசேல்னு பாசி கலர்ல இருக்கிற சின்ன ஏரியில அது சரிப்பட்டு வராது. ராத்திரி முழுக்க பாசியும் ஆக்சிஜனை இழுத்துக்கிட்டே இருக்கும், சூரியன் வர்றதுக்கு முன்னாடி தான் தண்ணியில ஆக்சிஜன் ரொம்ப கம்மியா இருக்கும், மீன் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும், எதையும் தின்னாது. வெயில் ஏறி ஒரு மணி ரெண்டு மணி நேரம் ஆனா பாசி மறுபடி ஆக்சிஜன் விடும், அப்புறம் தான் கடி ஆரம்பிக்கும். அதனால சின்ன ஏரிக்கு அடிச்சுப் பிடிச்சு நாலு மணிக்கு ஓட வேணாம், நிதானமா டிபன் சாப்ட்டு போங்க. மழை பேஞ்சு வரத்து கால்வாயில புதுத்தண்ணி வர்ற அன்னிக்கு மட்டும் விட்டுடாதீங்க, ரோகு, மிர்கால் எல்லாம் அந்த வாய்க்கா வாய்க்கு எதிர்த்து வந்து நிக்கும்.

இரை. இங்க தான் நம்ம ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம், வீட்லயே இருக்கு எல்லாம். நான் சொல்ற அளவு ரெண்டு பங்கு ராகி மாவு, ஒரு பங்கு கோதுமை மாவு, அரைப் பங்கு வறுத்து பொடிச்ச கடலைப் புண்ணாக்கு, ஒரு சின்னத் துண்டு வெல்லம். ராகிக்கு ஒட்டுற குணம் கிடையாது, தனியா பிசைஞ்சா தண்ணியில ரெண்டு நிமிஷத்துல கரைஞ்சிடும், கோதுமை தான் அதைப் பிடிச்சு வைக்கும், அதனால கோதுமையை விட்டுடாதீங்க. கெட்டியா பிசைஞ்சு எலுமிச்சம்பழ அளவு உருட்டி கொதிக்கிற தண்ணியில போட்டு, மேல மிதந்து வந்ததும் இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் விட்டு எடுத்து, ஆறினதும் கையில கொஞ்சம் எண்ணெய் தடவிட்டு மறுபடி நல்லா பிசைங்க. ரப்பர் பதத்துக்கு வரும். வீசறப்ப கழண்டு விழுதுன்னா பிசையறப்ப கொஞ்சம் பஞ்சு பிச்சுப் போட்டு கலந்துக்கங்க. பொடி மீன் கொத்திக்கிட்டே இருக்கிற இடத்துல உருண்டையை இன்னும் கெட்டியா, பெருசா போடுங்க, ரோகு மெதுவா கடிக்கிற இடத்துல கொஞ்சம் இளகலா. ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் இவ்வளவு எல்லாம் வேணாம், மண்புழு போதும், மாட்டுக்கொட்டா பக்கம் குப்பைமேட்டுல தோண்டினா கிடைக்கும், தேங்கா நார் ஈரமா போட்ட டப்பாவுல வச்சா சாகாது.

முள்ளுல மாட்டுற இரை வேற, தண்ணியில தூவுற தீனி வேற. தவிடு, பொடிச்ச புண்ணாக்கு, மிச்ச சோறு, கொஞ்சம் ஏரி மண்ணு சேத்து உருட்டி நீங்க ஆழம் பாத்து வச்ச அந்த இடத்துல மட்டும் நாலஞ்சு உருண்டை போடுங்க, அப்புறம் அரை மணிக்கு ஒண்ணு. நிறைய பேரு ஒரு கிலோ ரெண்டு கிலோன்னு கொட்டிடறாங்க, மீன் வயிறு ரொம்பிட்டு போயிடும், மிச்சம் அடியில கிடந்து அழுகி தண்ணி கெட்டுப் போகும். இடம் மாத்தி மாத்தியும் தூவாதீங்க. அடியில இருந்து பொடிப் பொடியா நீர்க்குமிழி ஒரே இடத்துல வந்துக்கிட்டே இருந்தா காமன் கார்ப் நோண்டுதுன்னு அர்த்தம், சத்தம் போடாம உக்காருங்க.

சாமான் கொஞ்சம் சொல்லிடறேன். ஏழு எட்டடி ராடு, 3000 இல்ல 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 0.30 மி.மீ நைலான் நரம்பு, இது போதும். முள்ளு நம்பர் பெருசாக ஆக முள்ளு சின்னதாகும், ஜிலேபிக்கு 10 இல்ல 12, ரோகு காமன் கார்ப்புக்கு 4 இல்ல 6. அடியில போடறப்ப ஈயத்தை நரம்புல முடிச்சுப் போட்டு நிறுத்தாதீங்க, நரம்பு ஈயத்துக்குள்ள ஓடணும், அதுக்குக் கீழ ஒரு பாசிமணி, ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்காம சுத்தற வளையம்), அதுக்கப்புறம் ஒரு ஜாண் நரம்பு, முள்ளு. அப்பதான் மீன் இழுக்கும்போது கனம் தெரியாம இழுக்கும், நரம்பு அறுந்தாலும் ஈயத்தை இழுத்துக்கிட்டு மீன் சாகாது. முடிச்சு போட்டதும் இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் வச்சு நனைங்க, காய்ஞ்ச நரம்பை இறுக்கினா உரசல்ல சூடாகி அங்கயே பலம் போயிடும், பெரிய மீன் அறுத்துட்டு போகறது பெரும்பாலும் இந்த முடிச்சுலதான். ரீல்ல டிராக் (மீன் இழுத்தா நரம்பை விடற இறுக்கம்), நரம்பு தாங்கற எடையில நாலுல ஒரு பங்கு இருந்தா போதும், ஆறு கிலோ நரம்புன்னா ஒன்றரை கிலோ இழுப்புக்கு ரீல் நரம்பை விடணும், பிளேன்ல போறப்ப பெட்டி எடை பாக்கற தொங்கு தராசுல மாட்டி இழுத்துப் பாத்து வச்சுக்கங்க.

கடி ஒவ்வொரு மீனுக்கும் ஒரு மாதிரி. ஜிலேபி டொக்கு டொக்குனு தட்டும். ரோகு தக்கையை லேசா ஆட்டிட்டு ஓரமா நகர்த்திக்கிட்டே போகும், உள்ள போற வரைக்கும் காத்திருந்தா இரையைத் துப்பிட்டு போயிடும். அடியில மேயுற கார்ப் இரையைத் தூக்கறப்ப குட்டி ஈயத்தையும் சேத்து தூக்கிடும், அதனால தக்கை உள்ள போகாம மேல எழும்பி படுத்துக்கும், அதுவும் கடிதான், அப்ப ராடைத் தூக்கணும். தூக்கறதுன்னா ஓங்கி இழுக்கறது இல்ல, மணிக்கட்டுல ஒரு சுண்டு. மாட்டினதுக்கு அப்புறம் அவசரமே வேணாம், ராடை நிமித்தி வளைய விடுங்க, அது ஓடினா விடுங்க, நின்னா சுத்துங்க, மரம் இருக்கிற பக்கம் போச்சுன்னா மட்டும் ராடைப் பக்கவாட்டுல சாய்ச்சு திருப்புங்க. கரைக்கிட்ட வந்ததும் கடைசியா ஒரு ஓட்டம் ஓடும், அதுக்கு எதிர்பாத்து இருங்க. வலைக்கரண்டியைத் தண்ணியில வச்சுக்கிட்டு மீனை அதுக்கு மேல கொண்டு வாங்க, கரண்டியை வச்சு மீனைத் துரத்தாதீங்க.

விரால் தனி ஆட்டம். தாமரை இலை, கோரை, பாசி மேல தவளை லூர் (தவளை மாதிரி போலி இரை) போட்டு இழுக்கணும், நைலான் பத்தாது, 30 பவுண்டு பிரெய்ட் (பின்னின நூல்) வேணும், ஏன்னா பாசியோட சேத்து இழுத்துட்டு வரணும். விரால் காத்து குடிக்க மேல வரும், ஒரு சின்ன களுக் சத்தம் கேக்கும், அந்த இடத்தைத் தாண்டி வீசி மெதுவா அது மேல கொண்டு வாங்க. அடிச்சதும் உடனே இழுக்காதீங்க, நரம்பு இறுகறதை கையில உணர்ந்துட்டு இழுங்க. ஒண்ணு மட்டும் ரொம்ப கேட்டுக்கறேன். மழைக்காலத்துல தண்ணி மேல செவப்பா, ஆரஞ்சா குஞ்சுக்கூட்டம் ஒண்ணா சேந்து கொதிக்கிற மாதிரி தெரியும், அதுக்குக் கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அங்க லூர் போட்டா கட்டாயம் அடிக்கும், பசிக்காக இல்ல, குஞ்சைக் காப்பாத்த. அதைப் பிடிச்சுட்டீங்கன்னா அந்த நூத்துக்கணக்கான குஞ்சும் அன்னிக்கே கெண்டைக்கும் கொக்குக்கும் இரை. தயவுசெஞ்சு அந்த இடத்தை விட்டுட்டுப் போங்க. வீடியோல அதைப் பெருமையா காட்டற அண்ணங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்.

கெளுத்தி, தேளி மாட்டினா கையால அமுக்கிப் பிடிக்காதீங்க, ரெண்டு பக்க முள்ளும், கெளுத்திக்கு முதுகு முள்ளும் குத்தும், விஷம் உண்டு, தேளி குத்தினா வலி தாங்காது. குத்திடுச்சுன்னா காயத்தைக் கழுவிட்டு பொறுக்கற சூட்டுல வெந்நீர்ல முக்கி வச்சா வலி குறையும், அந்த விஷம் சூட்டுல கெடும், முள்ளு உள்ள உடைஞ்சிருந்தா டாக்டர்கிட்ட போங்க. அதனால பிளாஸ்க்ல வெந்நீர் எடுத்துட்டுப் போறது டீக்கு மட்டும் இல்ல. இடி இடிச்சா கார்பன் ராடைக் கீழ வச்சுட்டு கரையை விட்டு வெளிய வந்துடுங்க. வண்டல் குழி இருக்கிற ஏரியில மாட்டின முள்ளை எடுக்கறேன்னு இறங்கவே இறங்காதீங்க, முழங்கால் தண்ணின்னு நினைச்சு வைக்கிற அடுத்த அடி ஆள் ஆழம். அறுந்த நரம்பை அங்கயே போட்டுட்டு வராதீங்க, கொக்கு, நாரை காலு சுத்திக்கிட்டு செத்துப் போகுது, சுருட்டி பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க.

எங்க போகலாம்னா கேஆர்பி டேம், பாரூர் ஏரி, ஊத்தங்கரை பக்கம் பாம்பாறு, தர்மபுரி பக்கம் பாப்பிரெட்டிப்பட்டி வாணியாறு, தொப்பையாறு, பாலக்கோடு தாண்டி பஞ்சப்பள்ளி சின்னாறு, எல்லாத்துலயும் அனுமதி விசாரிச்சுட்டு போங்க. ஓசூர் கெலவரப்பள்ளி டேம் தண்ணியில பெங்களூர் பக்கத்துக் கழிவு கலந்து வெள்ளையா நுரை பொங்கறதை எல்லாரும் பாத்திருப்போம், அங்க பிடிச்ச மீனைப் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட எனக்கு மனசு வராது, நான் அங்க போடறதில்ல.

ஒகேனக்கல் பத்தி நிறைய பேரு கேப்பாங்க. அந்தப் பக்கத்துக் காடும் ஆறும் பெரும்பகுதி 2014ல அறிவிச்ச காவேரி வடக்கு வன உயிரின சரணாலயத்துக்குள்ள வருது, 504 சதுர கிலோமீட்டர், அதுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம தூண்டில் போட முடியாது. முதலை, நீர்நாய் இருக்கிற ஆறு அது, கர்நாடகாவுல தண்ணி திறந்தா பாத்துக்கிட்டு இருக்கும்போதே மட்டம் ஏறும். இதையெல்லாம் விட பெரிய காரணம், முதுகு மேடா இருக்கிற பெரிய மஷீர்ங்கிற கெண்டை இன மீன் உலகத்துலயே காவிரியிலயும் அதுல சேர்ற ஆறுங்கள்லயும் தான் இருக்கு. 1946ல கபினி ஆத்துல 120 பவுண்டுல ஒண்ணு பிடிச்சிருக்காங்க, அது கிட்டத்தட்ட 54 கிலோ, அந்தக் காலத்துல இருந்து காவிரியில அதுக்கு இரையா போட்டது நம்ம ராகி உருண்டைதான். 2018ல அதை அழியற நிலையில கடைசிப் படியில இருக்கிற மீன்னு உலகப் பட்டியல்ல சேத்துட்டாங்க. தோட்டா (வெடி) போட்டும் கரண்ட் வச்சும் பிடிச்சது, அணை கட்டினது, வெளி ஆத்து மஷீர் குஞ்சைக் கொண்டு வந்து விட்டது, எல்லாம் சேந்துதான் இந்த நிலைமை.

காவிரி தண்ணி சேர்ற எந்த இடத்துலயாவது அனுமதியோட கார்ப்புக்குப் போட்டு, கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிய செதிலோட, தடிச்ச உதட்டோட ஒரு மீன் வந்துச்சுன்னா அதைத் தண்ணியை விட்டு வெளிய எடுக்காதீங்க. கையை நனைச்சுக்கிட்டு பிடிங்க, முள்ளு ஆழமா இருந்தா நோண்டாம நரம்பை வாய்க்கிட்ட வெட்டிடுங்க. தலை தண்ணி வர்ற பக்கம் பாத்த மாதிரி, வயித்துக்குக் கீழ கை குடுத்து தாங்கிக்கங்க, முன்னும் பின்னும் ஆட்ட வேணாம், அதுவா வாலை அடிச்சுக்கிட்டு கையை விட்டுப் போற வரைக்கும் அப்படியே பிடிச்சிருங்க, பத்து நிமிஷம் ஆனாலும்.